பிளாக்பர்னைத் தேடினால் விளக்குத்தூண் கிடைக்கும்

மின்னணுப் படத்தொகுப்புகளில் எப்படித் தேடுவது என்று சொல்லித்தரும் வழிகாட்டிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. இரட்டை மேற்கோள் போடுங்கள், கழித்தல் குறி போடுங்கள், தேதியை வைத்து வடிகட்டுங்கள், கோப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரு விஷயத்தைத் தொடாமலே போய்விடுகின்றன. தேடுபெட்டி படத்தைப் பார்ப்பதில்லை. படத்துக்கு அடியில் என்றோ ஒருவர் எழுதி வைத்த சொற்களைத்தான் பார்க்கிறது. அவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், நம்ம ஊர்ப் பெயரை எந்தக் காதால் கேட்டு எழுதினார் என்பதெல்லாம் தெரியாமல் எத்தனை குறி போட்டாலும் பெட்டி கையை விரித்துவிடும்.

பழைய தமிழ்நாட்டுப் படங்களைத் தேடுகிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். மதுரை விளக்குத்தூணை எடுத்துக்கொள்வோம். மதுரைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத இடம். அந்தப் பகுதிக்கே அதுதான் பெயர். அதன் பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களில் தமிழில் தேடினாலும் சரி, ‘விளக்குத்தூண்’ என்பதையே ஆங்கில எழுத்தில் அடித்தாலும் சரி, பலன் இருக்காது. ஆனால் படம் இருக்கிறது. 1858-லேயே எடுத்த படம். எடுத்தவர் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. அவர் வைத்த தலைப்பு ‘பிளாக்பர்ன் டெஸ்டிமோனியல்’. மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து நகரத்தை வெளியே விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட விளக்கு அது. டிரைப்புக்கும் அவருடைய வாசகர்களுக்கும் அது ஒரு கலெக்டரின் நினைவுச் சின்னம், மதுரை ஜனங்களுக்கு விளக்கு எரிகிற தூண். அட்டவணையில் ஏறியது முதல் பெயர் மட்டும்தான். போதாக்குறைக்கு பிளாக்பர்ன் என்ற பெயரையே ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு ‘இ’ சேர்த்தும் எழுதுகிறார்கள், சேர்க்காமலும் எழுதுகிறார்கள். இரண்டையும் தேட வேண்டும்.

சமூக ஊடகங்களில் அடிக்கடி ஒரு புலம்பல் பார்க்கலாம். நம்ம ஊர்ப் பழைய படமெல்லாம் லண்டனில் பூட்டிக் கிடக்குது, வெளியே விடமாட்டான்னு. பூட்டிக் கிடப்பவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணிசமானவை பூட்டப்படவே இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் இருக்கின்றன. நம்முடைய சொல்லுக்கும் அவற்றின் தலைப்புக்கும் தொடர்பில்லை, அவ்வளவுதான் விஷயம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘கிடைக்கவில்லை’ என்பது சீக்கிரமே ‘இல்லை’ என்று ஆகிவிடுகிறது. இல்லை என்றான பிறகு அந்த இடத்தை நிரப்ப வேறு படங்கள் வந்துவிடும். எங்கேயோ எடுத்த கோயில் தெருவை ‘1850-ல் மதுரை’ என்று வாட்ஸப்பில் சுற்ற விடுவார்கள். இப்போது அதுகூட வேண்டாம், கேட்டால் எந்திரமே பழுப்பு நிறத்தில் ஒரு ‘பழைய படம்’ செய்து கொடுத்துவிடுகிறது. உண்மையான படம் ஒரு பெயர் தள்ளி உட்கார்ந்திருக்க, போலி உலா போகிறது.

ஊர்ப் பெயர்களில் தொடங்கலாம். டாஞ்சூர், டிரிச்சினோபோலி, டின்னவெல்லி, டூட்டிகோரின், காஞ்சீவரம், டிராங்கபார் எல்லாம் பலருக்கும் தெரிந்தவை. டிரைப்பின் 1858 தொகுதிகளின் தலைப்புகளில் இருக்கும் பெயர்கள் இன்னும் ஒரு படி விலகியவை. ஸ்ரீரங்கம் அங்கே ‘செரிங்காம்’. புதுக்கோட்டை ‘பூடூக்கோட்டா’. சேலம் மாவட்டத் தொகுதியில் ராயக்கோட்டை ‘ரியாக்கோட்டா’. இந்த எழுத்துக்கூட்டல்களை வெறும் யோசனையால் பிடிக்க முடியாது, ஒருமுறை எங்காவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். எனவே ஒரு ஊரின் படத்தைத் தேடும் முன் அந்த ஊரைப் பற்றிய 19-ம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது, எந்தத் தேடல் குறியை விடவும் பயன் தரும். அன்றைய மாவட்டக் கையேடுகளும் கெசட்டியர்களும் இணையத்தில் இருக்கின்றன. அஞ்சு நிமிஷ வேலை.

மதுரை தனிக் கதை. பழைய எழுத்தில் அது ‘மதுரா’. வட நாட்டு மதுராவோடு குழம்பும் என்று நினைப்பீர்கள். அது அந்தக் காலத்து ஆவணங்களில் ‘முட்ரா’ என்று இருப்பதால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. இந்தோனேசியாவில் மதுரா என்றே ஒரு தீவு. ஆம்ஸ்டர்டாம் டிராப்பன்மியூசியம் 2009 வாக்கில் இந்தோனேசியப் பழைய படங்களை ஆயிரக்கணக்கில் விக்கிமீடியா காமன்ஸுக்குக் கொடுத்தது. அதனால் அங்கே ‘மதுரா’ என்று தேடினால் அந்தத் தீவு முந்திக்கொள்ளும். அந்தத் தீவின் பெருமையே எருது ஓட்டப் பந்தயம்தான். மதுரை என்று நினைத்துத் தேடி மாட்டைப் பார்த்தால் ஒரு நொடி சரியான இடத்துக்கு வந்துவிட்டதாகத்தான் தோன்றும். கழித்தல் குறி உதவுகிற இடம் இது: ‘மதுரா’ போட்டு ‘இந்தோனேசியா’வைக் கழித்துவிட வேண்டும்.

ஊரைப் பிடித்த பிறகு பொருளின் பெயர். இங்கேதான் நாம் அதிகம் தோற்கிறோம், ஏனென்றால் சொல் நமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லாகவே இருக்கும், பொருள்தான் வேறு. தேர் அங்கே ‘சாரியட்’ இல்லை, பெரும்பாலும் ‘கார்’. தெப்பக்குளம் ‘டாங்க்’. மலைக்கோட்டை வெறும் ‘ராக்’. கோயில் ‘டெம்பிள்’ இல்லை, ‘பகோடா’. தஞ்சைப் பெரிய கோயிலும் ‘கிரேட் பகோடா’, மதுரை மீனாட்சி கோயிலும் ‘கிரேட் பகோடா’. மீனாட்சி கோயில் நகைகளை டிரைப் எடுத்த படம் புகழ் பெற்றது. அதன் தலைப்பில் மீனாட்சி என்ற பெயர் கிடையாது, ‘கிரேட் பகோடா ஜுவல்ஸ்’ என்றுதான் இருக்கும். சரி, பகோடா என்று மட்டும் தேடலாமா? சென்னையில் புழங்கிய தங்கக் காசுக்கும், அதாவது வராகனுக்கும், ஆங்கிலத்தில் பகோடாதான் பெயர். நாணயங்கள் வந்து குவியும். புகைப்படக்காரர் பெயரையும் சேர்த்துத் தேடினால் காசு போய்விடும், ஆனால் பர்மா வந்துவிடும். டிரைப் 1855-ல் பர்மாவுக்குப் போய் அங்கிருந்த உண்மையான பகோடாக்களை எடுத்தவர். ஆக ‘டிரைப்’, ‘பகோடா’, ‘டாஞ்சூர்’ மூன்றும் சேர்ந்தால்தான் தஞ்சை வரும்.

அந்தத் தஞ்சைப் படங்களில் ஒன்றுக்காகவே இவ்வளவும் எழுதலாம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் இருக்கும் கல்வெட்டுகளை டிரைப் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் சுமார் 19 அடி. 1858-ல், பெரிய பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு செய்தது. கல்வெட்டில் ஆர்வமுள்ள யாருக்கும் இது பெரிய பொருள். அப்படிப்பட்டவர் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவார்? ‘ராஜராஜன்’, ‘பிருகதீஸ்வரர்’, ‘சோழர் கல்வெட்டு’. ஒன்றும் பொருந்தாது. தலைப்பில் விமானம் என்பது ‘பிமானம்’ என்று பதிவாகியிருக்கிறது. காதில் ‘வி’ விழுந்தது கையில் ‘பி’ ஆகிவிட்டது. ராஜராஜன் பெயர் இல்லாததற்குக் காரணம் இன்னும் சுவையானது. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே அப்போது உறுதிப்படவில்லை. 1880களின் பிற்பகுதியில் ஹுல்ஷ் இதே கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் அது நிலைநாட்டப்பட்டது. தான் எடுப்பது ராஜராஜனின் சொற்கள் என்று டிரைப்புக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கண்டுபிடிப்புக்கு முன்னால் எழுதிய தலைப்பில் கண்டுபிடிப்பின் சொல்லைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நாம் இன்று வைத்திருக்கும் அறிவே சில நேரம் தேடலுக்கு இடைஞ்சல். படம் எடுத்த ஆண்டில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதின தலைப்புகளின் கோளாறு, தமிழிலேயே அட்டவணை போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் தீரும். தமிழ் எழுத்துக்கே சில பொறிகள் இருக்கின்றன. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகக் கணினியில் இடலாம்: ‘ஸ’வில் தொடங்கி, அல்லது ‘ஶ’வில் தொடங்கி. ‘ஶ’ யூனிகோடில் 2005-ல் சேர்ந்தது; அதற்கு முன் எழுதியவையெல்லாம் ‘ஸ’ வழி. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் எந்திரத்துக்கு வேறு வேறு. அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்யாத தளத்தில் ஒருவர் ‘ஶ்ரீரங்கம்’ என்று இட்டுவைத்ததை இன்னொருவர் ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடினால் வராது. கண்ணால் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கவும் முடியாது. ‘ஔவை’யும் அப்படியே: ஒற்றை எழுத்து ‘ஔ’வாக இடுபவர் உண்டு, ‘ஒ’ போட்டு ‘ள’ போடுபவரும் உண்டு. கோயில், கோவில் என்ற பழைய தகராறு வேறு. இதற்கெல்லாம் மேலே வேற்றுமை உருபும் சந்தியும். ‘தஞ்சாவூர்’ என்று தேடினால் ‘தஞ்சாவூரின்’, ‘தஞ்சாவூர்க் கோட்டை’, ‘தஞ்சை’ எதையும் பல தளங்கள் கொண்டுவராது. அங்கே நட்சத்திரக் குறி ஏற்கப்பட்டால் ‘தஞ்ச’ வரை அடித்து அதைப் போடலாம். ஏற்கப்படாவிட்டால் ஒவ்வொரு வடிவமாக அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தமிழில் தேடுகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்பது மொழியின் குற்றம் இல்லை. தளத்தைக் கட்டியவர்கள் ஆங்கிலச் சொல்லை மனதில் வைத்துக் கட்டியதன் விளைவு.

காமன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் கடைசியில் போய் நிற்பது அங்கேதான். 2004-ல் தொடங்கியது, இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள். அங்கே படங்களை ஒழுங்கு செய்யும் முறை பகுப்பு மரம்: பெரிய பகுப்புக்குள் சின்னது, அதற்குள் இன்னும் சின்னது. ஒரு படத்தை ஆகக் குறுகிய பகுப்பில் மட்டும் வைக்க வேண்டும், அதன் தாய்ப் பகுப்பிலும் சேர்த்து வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட நெறி. அலமாரி அடுக்குபவருக்கு இது நல்ல நெறி. தேடுபவருக்கோ தலைவலி. தஞ்சைக் கோயில் தேர் ஒன்றின் படம் அந்தக் குறிப்பிட்ட தேரின் பகுப்புக்குள் போய்விட்டால், ‘தஞ்சாவூர்’ பகுப்பையும் ‘தேர்’ பகுப்பையும் வெட்டிப் பார்க்கிறவருக்கு அது சிக்காது. அது இரண்டிலுமே நேரடியாக இல்லை. கிளைகளுக்குள்ளும் இறங்கித் தேடச் சொல்லும் கட்டளை உண்டு. மரம் ஒரு அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் அது பாதியில் நின்றுவிடும். பெட்ஸ்கேன் என்ற தனிக் கருவியை வைத்துச் சமாளிக்கலாம். அப்படி ஒரு கருவி இருப்பதே பழக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். பகுப்புகளின் பெயர்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஆங்கிலத்தில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு இந்த மரத்தில் ஏற ஒரு கிளைகூடத் தாழ்வாக இல்லை.

2019-ல் இதற்கு ஒரு மாற்று வந்தது. படத்தில் என்ன தெரிகிறது என்பதை விக்கித்தரவில் இருக்கும் ஒரு உருப்படியோடு இணைத்துவிடலாம். அந்த உருப்படிக்கு எத்தனை மொழியிலும் பெயர் கொடுக்கலாம், மாற்றுப் பெயர்களும் கொடுக்கலாம். தேடல் அந்தப் பெயர்களையும் பார்க்கிறது. நான் காமன்ஸில் மிகவும் மதிப்பது இதைத்தான். ஏனென்றால் இதில் ‘விளக்குத்தூண்’, ‘பிளாக்பர்ன் டெஸ்டிமோனியல்’ இரண்டும் சண்டை போட வேண்டியதில்லை. ஒரே உருப்படிக்கு இரண்டு பெயர், எதைப் போட்டாலும் ஒரே இடம். டிரைப்பின் தலைப்பைத் திருத்தவும் வேண்டாம், அது வரலாறு, அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் நம் பெயரும் உட்கார்ந்தால் போதும். குறை என்னவென்றால், இது தானாக நடப்பதில்லை. யாராவது உருப்படிக்குத் தமிழ்ப் பெயர் இட வேண்டும், யாராவது படத்தை அதோடு இணைக்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் பயன் இல்லை. எங்கள் தளம் பன்மொழித் தளம் என்று அறிவிப்பது சுலபம், அந்தப் பன்மொழியை நிரப்பும் கூலியில்லாத வேலை ஒவ்வொரு மொழிக்காரர் தலையிலும் விழுகிறது. விமர்சனமாக ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்.

தேதி வடிகட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காட்டுவது எந்தத் தேதி என்று கேட்காமல் அதைத் தொடவே கூடாது. எடுத்த தேதியா, அச்சிட்ட தேதியா, ஸ்கேன் செய்த தேதியா, ஏற்றிய தேதியா? 1858-ல் எடுத்த படத்தின் கோப்புக்குள் ஸ்கேனர் தன் தேதியை எழுதி வைத்திருக்கும். 1900-க்கு முன் என்று வடிகட்டினால் அந்தப் படம்தான் முதலில் வெளியே போகும்.

கூகுள் நமக்குக் கொடுத்த ஒரு பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டியிருக்கிறது. முழு வாக்கியமாக அடித்தாலும் கூகுள் வேண்டாததை விட்டுவிட்டு ஏதாவது கொண்டுவந்து தரும். அட்டவணைத் தேடல் பெரும்பாலும் அப்படி இல்லை. அடித்த எல்லாச் சொல்லும் பதிவில் இருந்தாக வேண்டும். ‘மதுரை மீனாட்சி அம்மன் கோயில் பழைய புகைப்படம்’ என்று ஆறு சொல் போட்டால் ஆறும் பொருந்த வேண்டும். பதிவில் புகைப்படம் என்ற சொல் இருக்கவே தேவையில்லை, பழைய என்ற சொல் நிச்சயம் இருக்காது. 1858-ல் அது புதுப் படம். ஒன்றும் வராதபோது நம் கை தானாக இன்னொரு சொல்லைச் சேர்க்கும். செய்ய வேண்டியது நேர் எதிர். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, ஏதாவது தலைகாட்டும் இடத்தில் நிற்க வேண்டும்.

அப்படி ஒரே ஒரு படம் தலைகாட்டினால் அதுதான் உண்மையான தொடக்கம். எடுத்தவர் பெயர், தொகுதியின் பெயர், சேர்ப்பு எண் மூன்றையும் முதலில் குறித்துக்கொள்வேன். அருங்காட்சியகங்கள் ஒரு ஆல்பத்தை வாங்கினால் அதன் பக்கங்களுக்குப் பொதுவாக அடுத்தடுத்து எண் கொடுப்பார்கள். கையில் 14 இருந்தால் 13-ம் 15-ம் அதன் அண்டை வீட்டுக்காரர்கள். எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி மாற்றித் தேடினால், தலைப்பே இல்லாத படங்களும், ‘கோயில் வாசல்’ என்பது போல் மொட்டையாக எழுதி விட்டவையும்கூட வரிசையாக வரும். எந்தச் சொல்லைப் போட்டும் எட்ட முடியாத படங்கள் இவை. படம் பார்த்து ஒப்பிடும் எந்திரத் தேடல் இதற்கு மாற்றாகும் என்கிறார்கள். ஒரே படத்தின் வேறு பிரதிகளைக் கண்டுபிடிக்க அது பிரமாதம், வாட்ஸப் போலியை அம்பலப்படுத்தவும் நானே அதைத்தான் நாடுவேன். ஆனால் பெயர் தெரியாத கோபுரத்தைக் கொடுத்து இது எந்த ஊர் என்று கேட்டால், ‘இந்துக் கோயில், தென்னிந்தியா’ என்ற அளவில் நின்றுவிடுவது சகஜம். அது தெரிந்துதானே கேட்கிறோம்.

சொற்களைச் சேர்த்து வைக்க நான் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் நம் பெயர், மறுபக்கம் பதிவுகளில் கண்ட பெயர். தேருக்கு நேராக ‘கார்’, சத்திரத்துக்கு நேராக ‘சோல்ட்ரி’. இந்த ‘சோல்ட்ரி’ வரிசையில்தான் மதுரைப் புதுமண்டபமும் இருக்கிறது. அது சத்திரமே இல்லை என்றாலும் டிரைப் படங்களில் ‘டிரிமுல் நாயக்ஸ் சோல்ட்ரி’ என்றுதான் வரும். திருமலை நாயக்கர் என்று முழுப் பெயரை எழுதித் தேடுகிறவருக்கு அந்த மண்டபத்தின் 1858 தூண்கள் கண்ணில் படாது. விளக்குத்தூணுக்கு நேராகப் பிளாக்பர்ன், ‘இ’ சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை. ராயக்கோட்டைக்கு நேராக இதுவரை ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறேன். அந்த வரியில் மீதி இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.